விழுந்தால் எழுப்பு என்று எழுதியவள்

என் சண்டைக்கார அண்ணனுக்கு,

நீ செத்த பிறகும் நாலு மாசம் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தாய். காலையில் வந்தாய், மத்தியானம் வந்தாய், மழை பெய்தால் கூடுதலாக இரண்டு தடவை வந்தாய். அதை நிறுத்தியது நான்தான். யாராவது உன்னிடம் சொல்ல வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

உடனே திட்ட ஆரம்பிக்காதே. முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு. உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது என்னைப் பேசி முடிக்க விட்டிருக்கிறாயா?

இதை நம் ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் கூட்டத்து ஆட்களும் படிப்பார்கள், ஒன்றும் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக நம் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கம்ப்யூட்டரில் சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு நிரல் எழுந்துகொள்ளும். மற்ற எல்லாவற்றையும் அதுதான் எழுப்பும். எதை முதலில் எழுப்ப, எதை அப்புறம் எழுப்ப, எழுந்தது நடுவில் விழுந்துவிட்டால் என்ன செய்ய, எல்லாம் அதன் பொறுப்பு. அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு ஆளாளுக்குக் கையால் எழுதிய ஸ்கிரிப்டுகள் இருந்தன. பிறகு சிஸ்டம்டி என்று ஒன்று வந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து மேய்க்கும். விழுந்ததைத் தானே தூக்கி நிறுத்தும். இதற்குப் போய் உலகம் பூராவும் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். பிடிக்காதவர்கள் பிரிந்துபோய்த் தனியாக வேறொன்று செய்துகொண்டார்கள். நம் வீட்டில் மட்டும் யாரும் பிரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கை காயக் காயக் கத்தினோம்.

"வாசல்ல காவலுக்கு வந்தவன், சமையக்கட்டு சாவி கேக்கான், பீரோ சாவி கேக்கான், இப்போ டைரியையும் நானே எழுதுதேங்கான். ஒரு வேலைக்கு ஒரு ஆளுட்டி. அதான் ஒழுங்கு" என்பாய்.

"உன் முந்நூறு வரி ஸ்கிரிப்ட உன்னத் தவிர எவன் படிப்பான்? சர்வர் படுத்துச்சுன்னா ஓடுதது நீயா? எங்க செக்டர் ஃபைவ் ஆபீஸ்ல அத்தன பேரு வேலையும் நிக்கும். நான்லா ஓடணும்" என்பேன்.

அப்போது நீ ஒன்று சொல்வாய். ஒவ்வொரு சண்டையின் கடைசியிலும் அங்கேதான் வந்து நிற்பாய். "செத்தது ஏன் செத்துதுன்னு பாக்காம எழுப்பக் கூடாது, இசக்கி. ஒரு மனுசன் வந்து பாக்கணும். பாத்துட்டு, அவன் கையால எழுப்பணும்." நான் சிரிப்பேன். கிழவன் மாதிரிப் பேசுகிறாயே என்பேன். கூட்டத்தில் வங்காளிப் பையன்கள் நாம் இரண்டு பேரும் தமிழில் அடித்துக்கொள்வதை, ஒரு வார்த்தை புரியாமலே, ரசித்துக்கொண்டு டீ குடிப்பார்கள்.

இனி நீ செய்த பெட்டியைச் சொல்கிறேன். கல்கத்தா சால்ட் லேக்கில் நீங்கள் குடியிருந்த மாடி வீடு. முனிசிபாலிட்டித் தண்ணீர் கீழே தரைத் தொட்டியில் வந்து விழும். வந்ததும் மோட்டர் போட்டு மேலே ஏற்ற வேண்டும், விட்டால் போச்சு. நீ தண்ணீர் வந்தால் தெரிவதற்காகத் தொட்டிக்குள் ஒரு செம்புக் கம்பியை இறக்கி, வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஒரு ஸ்பீக்கரையும் மாட்டிவிட்டாய். தண்ணீர் வந்தால் உன் குரலில் கத்தும்: "கோமதி, தண்ணி வந்தாச்சு, மோட்டரப் போடு." அதோடு விட்டாயா? பெட்டி சரியாக எழுந்துகொண்டது என்று தெரிவதற்காக, எழுந்த உடனே ஒரு தடவை பேச வைத்தாய். தினமும் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நீ சொல்கிற அதே சொல். "கோமதி, வந்துட்டேன்."

எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. கோமதி மதினிக்குத்தான் ஒரே சிரிப்பு.

கரண்ட் போய் வந்தால் உன் பெட்டி தானாகப் பேசாது. நீ உட்கார்ந்து, பார்த்து, கையால் எழுப்ப வேண்டும். வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தாய். நெஞ்சு வலி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது. பெட்டி ஊமையாகிவிட்டது. மேல் தொட்டி காலி. மதினி எனக்குப் போன் செய்தாள். நான் வந்தேன், உன் முந்நூறு வரியை ஓரமாக ஒதுக்கினேன், சிஸ்டம்டிக்கு எட்டே வரியில் புதுசாக ஒன்று எழுதினேன். விழுந்தால் ஐந்து வினாடி பொறு. எழுப்பு. எந்தக் காரணத்தால் விழுந்தாலும் சரி, எப்போதும் எழுப்பு.

அதை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று பெருமையாகச் சொன்னேன் பார், அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. "எட்டு வரி அண்ணே. உன் சாமான் அவுட்." நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "வீட்டுக்கு வந்து கழட்டிப் போடுதேன் பாரு" என்றாய்.

நாலாம் நாள் நீ போய்விட்டாய். கழற்ற வரவில்லை.

காரியமெல்லாம் ஊரில் முடித்து, தூத்துக்குடிக் கடலில் உன்னைக் கரைத்துவிட்டு, மதினியும் நானும் கல்கத்தா திரும்பினோம். காலை பத்தரை மணி. மதினி பூட்டைத் திறந்தாள். ஊருக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போன மெயின் சுவிட்சை நான் போட்டேன். மதினி செருப்பைக் கழற்றக் குனிந்தாள். அவள் தலைக்கு மேலே நீ பேசினாய்.

"கோமதி, வந்துட்டேன்."

அண்ணே, எனக்கு அந்த எட்டு வரியும் தெரியும். எந்த வரி உன்னைப் பேச வைத்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. நான் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மதினி நேராக உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று தம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்தாய். பிறகு தினமும். பிறகு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. கரண்ட் போகாமலே வந்தாய். தண்ணீர் வராமலே வந்தாய். மதினி லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில், நீ வந்த ஒவ்வொரு தடவையும் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் மணியும் எழுதினாள். "உங்க அண்ணன் இப்போல்லாம் அடிக்கடி வாராவ" என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள், மழை அடிக்கடி பெய்கிறது என்கிற மாதிரி.

கீழ் வீட்டு மாஷிமா உனக்கு நினைவிருக்கிறாளா? தனியாக இருக்கிற அந்த வீட்டுக்கார அம்மா. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஒரு நாள் படியில் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஓ கி ஃபிரே எஷேச்சே?" அவன் திரும்பி வந்துவிட்டானா என்று கேட்டாள். ஏழு வருஷமாகச் சாயங்காலம் சாயங்காலம் கேட்ட குரல், அதன் அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் இல்லை மாஷிமா, மெஷின் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மறுநாளிலிருந்து படி விளக்கை அணைப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் மதினியின் அலிப்பூர் ஆபீசிலிருந்து மாற்றல் உத்தரவு வந்தது. நீங்கள் இரண்டு பேரும் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே மாற்றல். திருநெல்வேலி. அவள் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். குறிப்பிட்ட தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் உத்தரவு ரத்து, இனிமேல் கிடைக்காது. இங்கே அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? "போங்க மதினி" என்றேன். "போகலாம், என்ன அவசரம்? அவுக வரும்போது வீடு பூட்டிக் கெடந்தா?" என்றாள்.

அன்றைக்கு நான் வீடு திரும்பி வாய்விட்டு அழுதேன். மதினி புத்தி பேதலித்துப் போகப் போகிறாள், அதற்குக் காரணம் என் எட்டு வரி. நீ கழற்ற வேண்டியதை நான் கழற்றியிருக்க வேண்டும். ஏன் கழற்றவில்லை? ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். மதினியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். தேதி முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். மதினி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு, உனக்குத் தெரியாததா? அந்த எண்ணைப் போட்டு, கொல் என்றேன். செத்தது. ஐந்து வினாடி.

"கோமதி, வந்துட்டேன்."

எண்ணைப் பார்த்தேன். புது எண். அதையும் கொன்றேன். ஐந்து வினாடி. "கோமதி, வந்துட்டேன்." மறுபடியும் கொன்றேன். மறுபடியும் வந்தாய். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வெயிலில் நடந்து வந்த அலுப்பு கொஞ்சம், வீட்டுக்கு வந்துவிட்ட சந்தோஷம் கொஞ்சம். கொல்லக் கொல்ல அதே சந்தோஷத்தோடு வாசலில் வந்து நிற்கிறாய்.

நிறுத்து என்று ஒரு கட்டளை போட்டால் போதும், அது எழாது. தினமும் ஆபீசில் பத்துத் தடவை செய்கிற வேலை. கொன்றால் எழும் என்று எழுதி வைத்தவளே நான்தான். மறந்துவிட்டேனா? இல்லை, கேட்க வேண்டும் என்று இருந்ததா?

மதினி கீரைக் கையோடு வந்து கதவடியில் நின்றாள்.

"என்ன இசக்கி, இத்தன தடவ வாராவ?"

நான் உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். மதினி, இது அண்ணன் இல்லை, நான் எழுதியது, விழுந்தால் எழுப்பு என்று நான்தான் எழுதினேன், விளையாட்டுக்கு எழுதினேன், என்னை அடிங்க என்றேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அது பொட்டின்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன கூறுகெட்டவளா?"

"பின்ன ஏன் மதினி போகமாட்டேன்னீங்க?"

"மொத ஒரு மாசம் எனக்கு வேண்டியிருந்துச்சு. இல்லங்கல. அதுக்கப்புறம் உனக்குல்லா வேண்டியிருந்துச்சு. ஞாயித்துக்கெழம வந்து அந்த நாக்காலில ஒக்காந்து வாசலயே பாத்துக்கிட்டிருப்ப. நான் வீட்டக் காலி பண்ணிட்டுப் போனா நீ எங்க போயிக் கேப்ப?"

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் அவளைக் காக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணே. அவள் மாற்றலைத் தள்ளிப்போட்டு எனக்காகக் காவல் இருந்திருக்கிறாள்.

"சரி, நிறுத்து. ஆனா ஒங்க அண்ணன் சொல்லுவாவளே, ஏன் செத்துதுன்னு பாக்கணும்னு. மொதல்ல பாரு" என்றாள்.

பார்த்தேன். நாலு மாசமாகப் பார்க்காததைப் பார்த்தேன். கீழே போய்த் தொட்டி மூடியைத் திறந்து உன் கம்பியை வெளியே இழுத்தேன். செம்பெல்லாம் பச்சைக் களிம்பு பூத்து, பாதி அரித்துப் போயிருந்தது. ஈரம் ஏறும்போதெல்லாம் தொடர்பு அறுந்திருக்கிறது, பெட்டி அதைப் படிக்க முடியாமல் விழுந்திருக்கிறது, என் வரிகள் அதைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. உன் பழைய ஸ்கிரிப்டாக இருந்தால் முதல் நாளே விழுந்த இடத்தில் கிடந்திருக்கும். யாராவது வந்து பார்த்திருப்பார்கள். இதைச் சொல்ல எனக்கு நாலு மாசம் ஆகியிருக்கிறது. சந்தோஷமா?

எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று பெட்டி தன் டைரியில் எழுதி வைத்திருந்த நேரங்களையும், மதினி காலண்டரில் போட்ட கோடுகளையும் வரிசையாக ஒப்பிட்டேன். அவள் வீட்டில் இருந்த நாட்களில் ஒன்று விடாமல் சரியாக இருந்தது. காலை ஏழு இருபது, ஏழு இருபது. மத்தியானம் இரண்டு ஐந்து, இரண்டு ஐந்து. சித்திரையில் ஒரு நாள் மட்டும் ஒட்டவில்லை. கால்பைசாகி என்கிற கோடைப் புயல் அடித்து, மரம் விழுந்து, மூன்றரைக்குப் போன கரண்ட் ஒன்பதரைக்குத்தான் வந்த நாள். பெட்டிக்கு பேட்டரி கிடையாது. அதன் டைரியில் அந்த ஆறு மணி நேரமும் வெறுமையாக இருந்தது. காலண்டரில் ஐந்து பத்துக்கு ஒரு கோடு இருந்தது. மற்றக் கோடுகளை விடக் கொஞ்சம் அழுத்தமாக.

காலண்டரைத் திரும்பவும் ஆணியில் மாட்டினேன்.

நிறுத்து என்று அடித்தேன். இனி எப்போதும் எழாதே என்றும் அடித்தேன். இரண்டு பேரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மதினி வாய்க்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறு. ஏழு. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. கீழே மாஷிமா இருமுகிற சத்தம் கேட்டது. முப்பது வரை எண்ணிவிட்டு மதினி கீரை ஆயப் போனாள்.

நேற்று மதினியைச் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிட்டேன். வெயில் நேரம், பிளாட்பாரம் கொதித்தது. மாஷிமா கட்டிக் கொடுத்த சந்தேஷ் இனிப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கேட்க வேண்டாம் வேண்டாம் என்று இருந்தும் கேட்டுவிட்டேன்.

"மதினி, புயல் அடிச்ச அன்னைக்கு ஒரு கோடு போட்டிருக்கீங்களே. கரண்டே இல்லயே அன்னைக்கு. என்ன கேட்டீங்க?"

அவள் டப்பா மூடியை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"அன்னைக்கு 'வந்துட்டேன்'னு சொல்லல. 'கோமதி, போயிட்டு வாரேன்'னாவ. செருப்பு மாட்டுற சத்தமும் கேட்டுச்சு. நான் சரின்னேன்."

வண்டி நகர ஆரம்பித்தது. நான் கூடவே நடந்தேன்.

"அன்னைக்கே அவுக போயிட்டாவ, இசக்கி. அதுக்குப் பொறவு வந்ததெல்லாம் உங்க அண்ணன் இல்ல. நீ எழுப்பிவிட்டது."

வீட்டுக்கு வந்ததும், அங்கிருந்து கழற்றி எடுத்து வந்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். உன் குரலில் இரண்டே ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. தண்ணி வந்தாச்சு. வந்துட்டேன். மூன்றாவது ஒன்று இல்லை. அழித்த தடமும் இல்லை. மூன்று முறை தேடினேன். அன்றைக்கு உன்னை எழுப்பியது எது அண்ணே? எந்த வரி? மதினியிடம் சொல்லிக்கொண்டு போனாயே, ஒரு எட்டு என் வீட்டுப் பக்கமும் வந்திருக்கக் கூடாதா? வந்தாயா? நான்தான் ஆபீசில் இருந்தேனா?

சரி, கேட்கவில்லை. இனிமேல் எனக்கும் காரணம் பார்க்காமல் எதையும் தூக்கி நிறுத்துகிற தைரியம் வராது. அந்த எட்டு வரியை அழித்துவிட்டேன். உன் குரல் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. போட்டுக் கேட்கக் கை பரபரக்கிறது, இப்போதுகூட. கேட்க மாட்டேன். உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், உன்னை இனி எழுப்ப மாட்டேன். நீ தூங்கு அண்ணே.

உன்னிடம் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்கிற ஒரே தங்கச்சி,
இசக்கி